சங்கு ஊதிய பிறகு

மூன்று வருடத்துக்கு முன்னால், பங்குனி மாதம், நல்ல வெயில் நேரம். எடப்பாடிக்கு மேற்கே காவிரி ஆற்றுக்கு நடுவில், ஒரு பாறை மேல் நடந்தது இது. இன்றைக்கும் வீட்டில் வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால் எனக்கு ஒரு நிமிடம் கை கால் ஓடாது. ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு வந்துதான் மூச்சு விடுவேன்.

அப்போது சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஒரு கல்லூரி எடுத்துச் செய்த ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் சேலம் டவுன். அத்தா, அதாவது என் அப்பா, கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். "இவ்வளவு படிச்சது ஆத்து மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டுறதுக்கா?" என்று கேலி செய்வாரே தவிர, போகாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வேலை என்னவென்றால், மேட்டூருக்குக் கீழே ஆற்றில் சாயத் தண்ணீரும் ஊர்க் கழிவும் எந்தெந்த இடத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வரைபடம் போடுவது. எங்கள் கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருக்கும். பழைய காலத்து செல்போன் மாதிரி மஞ்சள் நிறத்தில், உச்சியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கொம்போடு இருக்கும். போக வேண்டிய இடங்களையெல்லாம் பேராசிரியர் முன்கூட்டியே அதில் ஏற்றிவைத்துவிடுவார். திரையில் ஓர் அம்புக்குறி வழி காட்டும். இடம் வந்ததும் 'பீப்' என்று கத்தும். அங்கே நின்று ஒரு பாட்டிலில் தண்ணீரும் ஒரு பையில் வண்டல் மண்ணும் எடுத்துக்கொண்டு, உப்பளவு பார்க்கும் மீட்டரை முக்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.

என்னோடு வந்தவர் அதே ஆய்வில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த அக்கா. ராசிபுரத்துக்காரர். வீட்டில் பட்டுத் தறி போட்டிருந்தார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எவ்வளவு வெயில் அடித்தாலும் சோர்ந்து உட்காரமாட்டார். நான் முகம் சுளித்தால், "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான், முடிச்சுட்டுப் போயிரலாம்" என்பார். அந்த ஒண்ணு முடிந்ததும் இன்னொன்று வரும்.

அன்றைக்கும் அப்படித்தான். காலையிலிருந்து கரையோரமாகவே எல்லா இடத்தையும் முடித்துவிட்டோம். கடைசியாக ஓர் இடம் ஆற்றுக்கு நடுவில் விழுந்திருந்தது. ஸ்கூட்டரைப் புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு இறங்கினோம். மேலே, ஆறு வளைகிற இடத்துக்கு அப்பால் ஒரு கதவணை இருந்தது. கதவுகளை மூடி வைத்திருந்ததால் கீழே ஆறு வெறும் பாறையாகக் கிடந்தது. எருமைக் கூட்டம் படுத்துக் கிடக்கிற மாதிரி கருங்கருவென்று பாறைகள். நடுநடுவே கணுக்கால் அளவுக்கு ஓடை ஓடையாகத் தண்ணீர். மாதிரிகள் வைக்கிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனோம்.

வழியில் ஒரு பாறையில் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தார். எங்கள் கையில் இருந்த பாட்டில்களையும் கருவியையும் பார்த்துவிட்டு, "என்னங்க, மீனுக்கு மருந்து கிருந்து போடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கண்ணா, தண்ணி டெஸ்ட்டுக்கு எடுக்கறோம்" என்றார் அக்கா.

"எடுங்க, எடுங்க. அப்படியே எம்படத் தூண்டில்ல ஏன் ஒண்ணும் சிக்க மாட்டேங்குதுன்னும் பாத்துச் சொல்லுங்க."

நாங்கள் சிரித்தோம். ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறாராம். அன்றைக்கு மாதாந்திர மின்தடை, தறி ஓடவில்லை, அதனால் ஆற்றுக்கு வந்துவிட்டாராம். அவ்வளவுதான் பேசினோம். பெயர்கூடக் கேட்கவில்லை.

கருவி காட்டிய இடம் ஆற்றின் நடுமத்தியில், மற்றதைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு பாறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு குழியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நின்றது. நான் மண் அள்ள, அக்கா மீட்டரை முக்க, வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் தூரத்தில் சங்கு சத்தம் கேட்டது. ஆலைகளில் ஷிப்ட் மாறும்போது ஊதுவார்களே, அதே மாதிரி நீளமாக.

"மில்லுச் சங்கு. சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு போல" என்றார் அக்கா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சேலத்தில் வளர்ந்தவளுக்குச் சங்கு என்றால் மில்தானே? கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊதியது. நாங்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மாதிரி எடுத்த பிறகு கருவியைப் பாறை மேல் வைத்துச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். வானத்திலிருந்து வருகிற சிக்னல்களைச் சேர்த்து அது இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். அப்படிக் காத்திருந்தபோது கரைப் பக்கம் பார்த்தேன். தூண்டில்காரர் கரைக்குப் போய்விட்டிருந்தார். அங்கே நின்று எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னார், காற்றில் கேட்கவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிறார் போலிருக்கிறது, போய்வருகிறேன் என்கிறார் என்று நினைத்தேன்.

நானும் கையாட்டினேன். அக்காவும் எழுந்து நின்று சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

அவர் இன்னும் வேகமாகக் கையாட்டினார். பிறகு கையிலிருந்த பையையும் தூண்டிலையும் அப்படியே கீழே போட்டுவிட்டு, எங்களை நோக்கிப் பாறை மேல் ஓடி வர ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாளில் நான் முதலில் பயந்தது தண்ணீரைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்துத்தான். சுற்றிலும் ஆள் இல்லை. நடு ஆற்றில் இரண்டு பெண்கள். முன்பின் தெரியாத ஓர் ஆண் கத்திக்கொண்டே ஓடி வருகிறார். அக்காவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. மண் அள்ளுகிற இரும்புக் கரண்டியை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.

கிட்ட வரவரத்தான் அவர் கத்தியது காதில் விழுந்தது.

"தண்ணி வருதுங்க! கதவத் தொறந்துட்டாங்க! சங்கு கேக்கலீங்களா? ஓடியாங்க, ஓடியாங்க!"

திரும்பிப் பார்த்தேன். மேலே வளைவில் வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. சினிமாவில் வருவதுபோல் தண்ணீர் சுவராக எழும்பி வரும் என்று நினைப்போம். அப்படி வரவில்லை. கால் பக்கத்தில் பார்த்தால், பச்சையாக அசையாமல் கிடந்த அந்தக் குழித் தண்ணீர் மெதுவாகச் சுழல ஆரம்பித்திருந்தது. பாறை இடுக்குகளிலிருந்து சருகும் நுரையும் சத்தமில்லாமல் ஊர்ந்து வந்தன. அதைப் பார்த்த பிறகுதான் கல்லைக் கீழே போட்டேன்.

கருவியையும் ஐஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கரையை நோக்கி ஓடினோம். வரும்போது கணுக்கால் அளவுக்கு இருந்த முதல் ஓடை இப்போது முழங்காலுக்கு மேல் இழுத்தது. கையைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டோம். அடுத்த ஓடைக்குப் போனபோது அது ஓடையாக இல்லை. பழுப்பு நிறத்தில் ஓர் ஆறாகவே போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் இரண்டடி இறங்கிப் பார்த்தார். இடுப்புக்கு வந்தது. தடுமாறிப் பாறையைப் பிடித்து ஏறினார்.

"ஆகாதுங்க. திரும்புங்க. அந்தப் பெரிய பாறைக்கே போயிரலாம்."

திரும்பி வரும்போது முதல் ஓடையில் அக்காவுக்குக் கால் நழுவியது. அவர் துண்டை வீசி, அக்கா அதைப் பிடித்துக்கொள்ள, இழுத்துப் போட்டார். எங்கள் மாதிரிகள் இருந்த ஐஸ் பெட்டி அந்த இடத்தில்தான் தண்ணீரில் போனது. மூடி திறந்து, காலையிலிருந்து நிரப்பிய பாட்டில்கள் ஒவ்வொன்றாக மிதந்து போனதை யாருடைய பொருளோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த உயரமான பாறையின் முதுகு, இரண்டு கட்டில் சேர்த்துப் போட்ட அளவுதான் இருக்கும். எங்கள் இருவரையும் மேட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் தண்ணீர் வருகிற பக்கமாகக் கீழே நின்றுகொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமாண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க. ஆனா இந்தத் தண்ணில தெரிஞ்சு ஒண்ணும் பண்ண முடியாது. பாறையில அடிச்சுப் போட்டுரும்."

அக்கா கைபேசியில் அவசர எண்ணை அழுத்தினார். இரண்டு முறை தப்பாக அழுத்திவிட்டு, மூன்றாவது முறை என்னிடம் கொடுத்துவிட்டார். எதிர்முனையில் இருந்தவர் "எந்த இடம்மா?" என்றதும் எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. கருவியைப் பார்த்து அட்ச ரேகை, தீர்க்க ரேகை எண்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா, குறிச்சுக்கிட்டேன். பக்கத்துல என்ன ஊரு, எந்தக் கரைன்னும் சொல்லுங்க, வண்டி வரணும்ல" என்றார். தூண்டில்கார அண்ணன் எட்டிக் கைபேசியை வாங்கி ஊர்ப் பெயரைச் சொன்னார். தீயணைப்பு வண்டி கிளம்புகிறது, அசையாமல் இருங்கள், கதவணைக்கும் தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அந்தக் காத்திருப்பை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் வெயில் கொளுத்துகிறது, ஆனால் உடம்பு குளிரில் உதறுகிறது. தண்ணீர் ஒரேயடியாக ஏறவில்லை. பாறையில் ஒரு வெடிப்பைப் பார்த்து வைத்துக்கொள்வேன், அது வரைக்கும் வராது என்று. சற்று நேரத்தில் வெடிப்பு மறைந்துவிடும். அடுத்து ஒரு வெள்ளைக் கோடு. அதுவும் போய்விடும். மடியில் இருந்த கருவியில் எங்கள் இடத்தைக் காட்டுகிற எண்கள் மட்டும் அப்படியே நின்றன. நாங்கள் ஓர் அடிகூட நகரவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அத்தாவுக்கு போன் செய்யலாமா என்று நினைத்தேன். கடையில் வாடிக்கையாளருக்கு முன்னால் நின்று இதைக் கேட்டால் அவருக்கு என்ன ஆகும்? செய்யவில்லை. கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "சவுடேஸ்வரித் தாயே, சவுடேஸ்வரித் தாயே" என்று முனகினார். அவருடைய இடது கையும் என் வலது கையும் பின்னிக் கிடந்தன. விரல்களில் உணர்ச்சியே இல்லை.

ஒரு பாம்பு நீந்தி வந்து பாறையில் ஏறியது. சின்னதுதான். அக்கா வீலென்று கத்தினார்.

அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு, "உடுங்க. அதுவும் பயந்துதான் ஏறியிருக்குது" என்றார்.

அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். தண்ணீர் அவருக்கு முழங்கால் வரை வந்துவிட்டது. மடித்துக் கட்டிய கைலிக்குக் கீழே தொடை இரண்டும் படபடவென்று நடுங்கின. தண்ணீரின் வேகத்தில் வருகிற நடுக்கம் இல்லை அது.

"அண்ணா, உங்களுக்கும் பயமா இருக்குதா?"

"இல்லாம இருக்குமுங்களா?" என்றார், என்னைப் பார்க்காமலே. "பேசாதீங்க சாமி. பேசுனா எனக்கு இன்னும் ஜாஸ்தியாகுது."

கரையில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். கீழே படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தலையில் ஒரு பரிசலைக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒருவர் கரையோடு மேல்பக்கமாக ஓடினார். மீன் பிடிக்கிற சின்னப் பரிசல். வெகுதூரம் மேலே போய் அதைத் தண்ணீரில் போட்டு ஏறி, துடுப்பை மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டு, ஆற்றின் இழுப்போடு சுழன்று சுழன்று வந்தார். எங்கள் பாறைக்குப் பின்பக்கம் தண்ணீர் கொஞ்சம் அடங்கியிருந்தது. அங்கே வந்து முட்டி நிறுத்தினார்.

"ரெண்டு பேரு ஏறுங்க. சீக்கிரம்!"

அண்ணன் அக்காவைத் தூக்கிப் பரிசலில் இறக்கினார். அடுத்து என் தோளைப் பிடித்தார். "நீங்களும் வாங்கண்ணா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பரிசல்காரர் கத்தினார்: "ரெண்டு பேருதான்னேன்! மூணாவது ஆள் ஏறுனா எல்லாரும் போயிருவோம்!"

அண்ணன் என் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். "போங்க சாமி. அடுத்த நடைக்கு நான் வாரேன்" என்றார். பிறகு பரிசலை அவரே காலால் எட்டித் தள்ளிவிட்டார்.

கரைக்கு எப்படி வந்தோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வானம் சுற்றியது, தண்ணீர் உள்ளே அடித்தது, அக்கா என் மடியில் முகத்தைப் புதைத்திருந்தார். வெகுதூரம் கீழே போய்த்தான் கரை ஏறினோம். மண்ணில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன். பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. உண்மையான பயம் அப்போதுதான் ஆரம்பித்தது.

பரிசலை மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்குள் தண்ணீர் இன்னும் ஏறும். பரிசல்காரரோடு சேர்ந்து இன்னும் இருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். பாறைக்கு நேராக வந்து நின்று பார்த்தபோது அண்ணன் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். சற்று முன்பு நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில். தண்ணீர் அங்கேயும் அவர் கணுக்காலைத் தொட்டுவிட்டது. நடு ஆற்றில் ஓர் ஆள் தண்ணீர் மேலே நிற்கிற மாதிரி தெரிந்தது.

பரிசல் வந்தது. ஆனால் பாறைக்குப் பக்கத்தில் வந்தபோது இழுப்பு அதை வெளிப்பக்கமாகத் தள்ளிவிட்டது. துடுப்பை நீட்டினார் பரிசல்காரர். அண்ணன் குனிந்து கையை நீட்டினார். எட்டவில்லை. பரிசல் சுழன்றுகொண்டே கீழே போய்விட்டது. கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள். அந்தச் சத்தத்தை என்னால் மறக்கவே முடியாது.

அந்த நேரத்தில் என் கால் பக்கத்தில் ஒரு போன் அடித்தது. பார்த்தால், அண்ணன் போட்டுவிட்டு ஓடிவந்த பை. பக்கத்தில் தூண்டில், கழற்றி விட்ட செருப்பு. பைக்குள்ளே கைபேசி. திரையில் 'ஊடு' என்று இருந்தது, வீட்டிலிருந்துதான்.

எடுக்கப் பயமாக இருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. அக்கா என்னைப் பார்த்தார். யாராவது எடுக்கத்தானே வேண்டும்? எடுத்தேன்.

"ஏனுங்க, எத்தன தடவ அடிக்கறது? மீன் கெடச்சுதா இல்லியா? கொழம்புக்கு மொளகா அரைக்கட்டுமா வேண்டாமா?" என்றது ஒரு பெண் குரல். பின்னால் டி.வி. சத்தம் கேட்டது.

"அக்கா… அண்ணன் ஆத்துல இருக்காரு" என்றேன்.

"நீங்க யாருங்க?"

"நாங்க… இங்க தண்ணி டெஸ்ட் எடுக்க வந்தவங்க. அவரு போனைக் கரையில வெச்சிட்டுப் போயிருக்காரு. இப்ப வந்துருவாருங்க."

"செரிங்க, வந்தொடனே பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

'இப்ப வந்துருவாருங்க.' அதை நான் எந்தத் தைரியத்தில் சொன்னேன்? அந்த அம்மாவுக்குச் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று படைத்தவனிடம் கெஞ்சினேன். பாறை மேல் இருந்தபோது எனக்காக வேண்டியதைவிட அதிகமாக இப்போது வேண்டினேன். நான் செத்துப்போவதைப் பற்றி நினைத்தபோதுகூட எனக்கு அவ்வளவு நடுக்கம் இல்லை. எனக்குப் பதிலாக ஒருவர் போய்விட்டால் அதற்குப் பிறகு நான் எப்படி இருப்பேன் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், யார் எவர் என்று தெரியாது, ஈரத் துணி வாசம் அடிக்கிற தன் சேலைத் தலைப்பை என் தோளில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அங்க பாக்காதீங்க கண்ணு" என்றார். பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மறுபடியும் பரிசல் மேலே போனது. இந்த முறை பரிசல்காரரோடு இன்னொருவரும் ஒரு நீள மூங்கிலோடு ஏறிக்கொண்டார். அண்ணனுக்குத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. காலை அகட்டி வைத்து, கையை விரித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை சரிந்து நிமிர்ந்தார். பரிசல் கிட்ட வந்ததும் மூங்கிலை நீட்டினார்கள். அவர் அதைப் பிடித்தார், பிடித்த வேகத்தில் கால் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டார்.

தலை தெரியவில்லை.

மூங்கில் மட்டும் வளைந்து துடித்துக்கொண்டிருந்தது. கரையில் யாரும் கத்தக்கூட இல்லை. பிறகு ஒரு கை மூங்கிலோடு மேலே வந்தது. அப்புறம் தலை. பரிசலின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, தண்ணீரில் இழுபட்டபடி, மூன்று பேருமாகக் கீழே போனார்கள். நாங்கள் கரையோடு கூடவே ஓடினோம். முள் குத்தியதோ கல் கிழித்ததோ ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தபோதுதான் உள்ளங்கால் முழுக்க ரத்தம்.

கரை ஏறியதும் அவர் குப்புற விழுந்து தண்ணீராகக் கக்கினார். முழங்கை, நெஞ்செல்லாம் பாறையில் உரசித் தோல் வழன்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாகக் கைபேசியைக் கேட்டார். வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, குரலைச் சரிசெய்துகொண்டு பேசினார்:

"ஆமா… இல்ல, மீனு ஒண்ணும் கெடைக்கல. நீ பருப்பே வெய்யி. வாரேன்."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மறைத்ததற்குக் காரணம் கேட்கவில்லை. ஆனால் வேறொன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கரைக்குத்தான் போயிட்டீங்களே அண்ணா. எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

அவர் ரொம்ப யோசிக்கவில்லை. "தண்ணி வருதுன்னு நான் கையக் காட்டறேன், நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு டாட்டா காட்டறீங்க. அதப் பாத்துப்போட்டு எப்படிங்க ஊட்டுக்குப் போறது?" என்றார்.

அதைக் கேட்டு அக்கா சிரிக்க ஆரம்பித்து, அது அப்படியே அழுகையாகிவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. எங்களுக்கு நல்ல திட்டு கிடைத்தது. ஊரைக் கேட்காமல், யாரையும் விசாரிக்காமல் ஆற்றுக்குள் இறங்கியதற்குக் கிடைத்த திட்டு, ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். அந்தக் களேபரத்தில் அண்ணன் தன் பையையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பியதை நாங்கள் கவனிக்கவில்லை. பரிசல்காரருக்கும் அவரைத் தெரியவில்லை.

வீட்டில் நான் நாலைந்து நாள் சொல்லவில்லை. காய்ச்சல் என்று படுத்திருந்தேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மறுநாள் அத்தா கடையைத் திறக்காமல், "கிளம்பு, ஜலகண்டாபுரம் போகலாம்" என்றார். போனோம். அந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம்தான். டீக்கடைகளிலும் தறிக் கொட்டாய்களிலும், "மின்தடை அன்னிக்கு ஆத்துக்கு மீன் பிடிக்கப் போனவரு" என்று விசாரித்தோம். "அன்னிக்குப் பாதி ஊரே எங்கியாச்சும் போயிருக்குமுங்க" என்று சிரித்தார்கள். இரண்டு முறை போயும் கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கிப் போன இனிப்பை அங்கேயே ஒரு தறிக் கொட்டாயில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இதைப் படிக்கிறவர்களில் அந்த அண்ணனின் மனைவியும் இருந்து, அன்றைக்குப் பருப்புக் குழம்பு வைத்த காரணம் இப்போதுதான் தெரிகிறது என்றால், அண்ணன் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அங்கிருக்கிறவர்களிடம் பேசிவிட்டுத்தான் கருவியைப் பையிலிருந்து எடுக்கிறேன். தண்ணீரைக் கண்டால் பயம் மட்டும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பயத்தைப் பற்றி இப்போது எனக்கு வெட்கம் இல்லை. தைரியசாலிகளுக்குப் பயமே வராது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவள் நான். நடுங்குகிற கால்களை வைத்துக்கொண்டும் ஒரு மனிதர் இன்னொருவருக்காகத் திரும்பி நடக்க முடியும் என்பதை அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்துவிட்டதால், யாருக்கோ ஆபத்து என்று தெரிந்து என் கால் தயங்குகிற நேரத்தில் அந்தத் தயக்கத்தோடேயே முதல் அடியை எடுத்து வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.